பார்த்தியா டிரஸ்ஸர்

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவருடைய ஆட்கள் ஈப்போவிலும் தாப்பாவிலும் இன்னும் இருக்கிறார்கள். எழுதினால் நாளைக்கே ஒருவர் வந்து, "எங்க பெரியவர இப்படியா எழுதுறது?" என்று வாசலில் நிற்பார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் வைத்த பெயரே போதும். பார்த்தியா டிரஸ்ஸர்.

யார் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான். "நீ பார்த்தியா, கேட்டியா?" பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் அதே கேள்வி. மாமியார் சொன்னாள் என்றால் மாமியாரைக் கூட்டி வா என்பார். ஆள் ஒல்லி. ஐம்பதை நெருங்கும் வயது, காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. கோபமே வராது. கோபப்பட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை, அந்தப் பொறுமைதான் எங்களுக்கு எரிச்சல்.

ஒருமுறை மலைக்காட்டுப் பக்கம் புலி வந்துவிட்டது என்று பால் வெட்டப் போனவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தார்கள். டிரஸ்ஸர் முதல் ஆளைக் கேட்டார். அவன் பார்க்கவில்லை, பக்கத்து வரிசையில் வெட்டினவன் சொன்னான். பக்கத்து வரிசைக்காரனும் பார்க்கவில்லை. இப்படியே ஐந்து பேரைத் தாண்டி ஆறாவது ஆளிடம் வந்து நின்றது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் பார்த்தது நாய்தான் ஐயா. கொஞ்சம் பெரிய நாய் லா" என்றான்.

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு வாய் தாண்டுறதுக்குள்ள நாய் புலியாயிடுச்சு. ரெண்டாயிரம் வருஷம் தாண்டி வந்தது என்னவா ஆயிருக்கும்?" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். எதை நினைத்துச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். தோட்டத்தில் இருந்த சின்னப் பலகைக் கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போவார். நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள். எங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அம்மன் இருக்கிறாள், கும்பிடுகிறோம். அவருக்கோ தன் சாமி எந்த ஊர் மண்ணில் நடந்தார், யார் கண்ணால் பார்த்தார்கள், எழுதிவைத்தவர் பார்த்தவரா கேட்டவரா என்று தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பயந்து அவருடைய சபைக்காரர்களே அவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடிவிட்டார். மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து வரும் வெள்ளைக்காரப் பாதிரியாரைச் சிறை பிடித்துக்கொண்டு போனார்கள். பலகைக் கோயிலின் பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே ரப்பர் ஷீட்டுகளை அடுக்கினார்கள். பாதிரியார் போவதற்கு முன் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்களை டிரஸ்ஸரிடம் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரி அலமாரியில் மருந்து தீர்ந்துபோன தட்டுகளில் அந்தப் புத்தகங்கள் ஏறி உட்கார்ந்தன.

சபைக்காரர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். கூடுவதற்கு இடமில்லை என்றதும் டிரஸ்ஸர் ஆஸ்பத்திரிக் குசினியைக் காட்டினார். அங்கே நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள் நான். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரும் வரிசையாக நின்று பேர் கொடுப்போம், அதற்குப் பெரட்டு என்று பெயர். ஒரு நாள் பெரட்டில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சயாம் பட்டியலைப் படித்தார். அதில் கோவிந்தன் பேர் வந்தது. கோவிந்தன் என் கொழுந்தன். பதினேழு வயது, மலேரியாவில் லயத்தில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். ஆள் வரவில்லை என்று சொன்னால் பட்டாளத்துக்காரன் லயத்துக்குள் நுழைந்து இழுத்து வருவான். என் வீட்டுக்காரர் பெருமாள் ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு, "இருக்கேங்க ஐயா" என்று முன்னால் போய் நின்றார்.

கிராணிக்கு ஆள் மாறியது தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஜப்பான்காரனுக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். இப்படி ஒருவன் பேருக்கு இன்னொருவன் போனது எங்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். என் வீட்டுக்காரர் கோவிந்தனாக லாரியில் ஏறிப் போனார். காய்ச்சல் விட்டதும் கோவிந்தன் பெருமாளாகப் பெரட்டில் நின்றான். தினமும் காலையில் கிராணி என் புருஷன் பேரைக் கூப்பிடுவார், அந்தப் பையன் அண்ணன் பேருக்குப் பதில் கொடுப்பான். அதை நின்று கேட்க முடியாமல்தான் டிரஸ்ஸரிடம் போய் வேறு வேலை கேட்டேன். அவர் குசினியைக் கொடுத்தார்.

கஞ்சி என்றால் மரவள்ளிக் கிழங்குக் கஞ்சிதான். அரிசியைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. ஞாயிறு காலை நான் கிண்டிக்கொண்டிருக்க, அடுப்பைச் சுற்றிச் சபை கூடும். முதல் நாளே ஒரு கிழவர் குறைப்பட்டுக்கொண்டார். "கோயில்ல இருந்தோம். இப்ப குசினிக்கு வந்துட்டமே ஐயா."

"ஆரம்பிச்சதே குசினிலதான்னு சொல்றாங்க" என்றார் டிரஸ்ஸர்.

அவர் வாலிபத்தில், முதல் உலகச் சண்டையின்போது, இந்தியப் பட்டாளத்தோடு பாலஸ்தீனத்துக்குப் போனவர். காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது அவர் வேலை. அங்கே கூடார ஆஸ்பத்திரிக்கு மழைத்தண்ணீர் வடிய ஒரு கால்வாய் வெட்டினார்களாம். மண்வெட்டி எதிலோ மோதியது. மண்ணை ஒதுக்கினால் வண்ணக் கல் பதித்த தரை. மயில், திராட்சைக் கொடி, கிரேக்க எழுத்துகள். இதிலெல்லாம் பித்துள்ள ஓர் அதிகாரி ஓடி வந்து, மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுத்தாராம். பழைய காலத்துக் கிறிஸ்தவக் கோயிலின் தரை அது. ஒரு மூலையில் உடைந்திருந்த இடத்தில் ஒரு முழம் இறங்கிப் பார்த்தால் அதைவிடப் பழைய தரை ஒன்று, வெறும் களிமண் தரை. அதன் மேல் கரி பிடித்த அடுப்பு, சாம்பல், உடைந்த பானை, மீன் முள்.

"கோயிலுக்கு அடியில அடுப்பு" என்று சொல்லி, என் அடுப்பைப் பார்த்தார். "அந்த ஆபிசர் சொன்னாரு, மொதல்ல இருந்த வேதக்காரங்களுக்குக் கோயிலே கெடையாது, யாராவது ஒருத்தர் வீட்டுல கூடுவாங்க, ரொட்டியப் பிட்டு எல்லாரும் சாப்புடுவாங்க, கோயில் கட்டுனதெல்லாம் ரொம்பப் பின்னாடின்னு. அடுப்ப நான் பார்த்தேன். அந்தச் சாம்பல் என் வெரல்ல ஒட்டுச்சு. அது அவங்க அடுப்புதானான்னு கேட்டா, அது நான் கேட்டது. வேற யார் வீட்டு அடுப்பாவும் இருக்கலாம்."

கிழவரின் முகம் தொங்கிப்போயிற்று. இவ்வளவு அழகாக ஒரு கதையைச் சொல்லி, கடைசியில் தானே அதில் தண்ணீர் ஊற்றுகிற மனுஷன் உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார் என்று எனக்கும் ஆத்திரமாக வந்தது. ஆனால் மறுநாள் காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது கை அப்படியே நின்றது. யாரோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து மீன் ஆய்ந்திருக்கிறாள், புகையில் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். அவள் அடுப்பின் மேல் மயிலும் திராட்சையும் முளைத்திருக்கின்றன. நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருந்தது.

அதற்குப் பின் ஞாயிறுகளில் காதைத் தீட்டிக்கொண்டுதான் கிண்டினேன்.

எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி, ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடச் சொன்ன வாரத்தில், டிரஸ்ஸர் பாதிரியாரின் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். இயேசு இறந்து ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்து, ரோம ராஜ்யத்து அதிகாரி ஒருவர் தன் சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி அதில் இருந்ததாம். என் பகுதியில் இந்த வேதக்காரர்கள் பெருகிவிட்டார்கள், உங்கள் சிலைக்குச் சாம்பிராணி போடச் சொல்கிறேன், முடியாது என்கிறவர்களைக் கொல்கிறேன், செய்வது சரிதானா என்று அந்த அதிகாரி கேட்டிருக்கிறார். விசாரித்தவரையில் இவர்கள் விடிவதற்கு முன் கூடிப் பாடுகிறார்கள், பிறகு சேர்ந்து சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார். நிஜத்தை வரவழைக்க, அந்தச் சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தாராம்.

"இது எதிரி எழுதுனது" என்று டிரஸ்ஸர் புத்தகத்தைத் தட்டினார். "நமக்காகப் பொய் சொல்லணும்னு அவனுக்கு என்ன தலையெழுத்து? இதவிட நல்ல சாட்சி எனக்கு வேணாம்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அந்தப் பொம்பளைங்க பேரு என்னங்கையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பக்கத்தைத் திருப்பி, மறுபடி திருப்பி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "எழுதல தங்கச்சி" என்றார். புத்தகத்தை மூடினார். அவருடைய மதம் என் மதமில்லை, அந்தப் பெண்கள் எந்த ஊரோ என்ன நிறமோ. இருந்தாலும் அன்று முழுவதும் அந்த இருவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேள்வி மற்றவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. உப்புத் திருடினான் என்று ஓர் ஆளைப் பட்டாளத்துக்காரர்கள் அடித்து, உயிர் ஊசலாடும்போது ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் செத்துப்போனான். காய்ச்சலில் செத்ததாக எழுது என்றான் பட்டாளத்துக்காரர்களோடு வந்த மொழிபெயர்ப்புக்காரன். டிரஸ்ஸர் இறப்புப் புத்தகத்தை எடுத்து, முதுகில் தடி பட்ட காயங்கள் பதினொன்று, காய்ச்சல் இல்லை என்று எழுதி, அதைப் படித்தும் காட்டினார். துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி ஒன்று வைத்தார்கள். அதோடு அவருக்கு இடது காது போயிற்று. "கேட்டத நம்பாத மனுஷனுக்கு ஒரு காது எதுக்கு?" என்று லயத்தில் கேலி பேசினார்கள். பேசினவர்களே அடுத்த நாள் அவருக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

சயாமிலிருந்து தப்பித்து, காட்டு வழியாகப் பாதி உயிரோடு வந்து சேர்ந்தான் சின்னையா என்று ஒருவன். தாப்பாப் பக்கத் தோட்டத்துக்காரன். காலில் அழுகிய புண்ணோடு எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "ஒங்க தோட்டத்துப் பெருமாளு பேதில போயிட்டான்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தபோது கையில் கஞ்சிச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

என் மாமியார் மண்ணில் புரண்டு அழுதாள். மூன்றாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடாயிற்று. என் தாலியை இறக்கப் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மஞ்சள் அரைத்து, புதுப்புடவைக்குப் பதில் யாரோ துவைத்த வெள்ளைப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் டிரஸ்ஸர் சின்னையாவைத் தோளில் தாங்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

எல்லோர் முன்னாலும் கேட்டார். "பெருமாள் செத்தத நீ பார்த்தியா, கேட்டியா?"

"கேட்டேங்க ஐயா. பக்கத்துக் கொட்டாயில பேசிக்கிட்டாங்க."

"என்ன பேரு சொன்னாங்க?"

"பெருமாளுன்னுதான் சொன்னாங்க. ஒங்க தோட்டம்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"அவன் போனது கோவிந்தன் பேருல. அங்க பெரட்டுல கோவிந்தன்னுதான் கூப்புடுவான். பெருமாள்னு செத்தது எந்தப் பெருமாள்?"

என் மாமியார் தலையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள். "நம்ம ஆளுங்க உள்ளுக்குள்ள நெசப் பேரச் சொல்லித்தான கூப்புடுவாங்க?"

"கூப்புடலாம்க்கா. எனக்குத் தெரியல. தெரியாதப்ப அந்தத் தாலியில கை வைக்காதீங்க."

"ஒன் சாமி குழிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தாருன்னு நீ சொல்லிக்க. எம் மவனுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி எறைக்கவிடாம நிறுத்த நீ யாருடா?" என்று மண்ணை வாரி அவர் மேல் வீசினாள். அவர் சட்டையைத் தட்டிவிடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தாலி என் கழுத்திலேயே இருந்தது.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம். பொட்டு வைத்தால் ஒருத்தி முகத்தைச் சுளிப்பாள், வைக்காவிட்டால் இன்னொருத்தி விசாரிப்பாள். கல்யாண வீட்டுக்குக் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிடாமல் இருக்கவும் சங்கடப்படுவார்கள். பிண்டச் சோறில்லாமல் மகன் ஆத்மா அலைகிறது என்று மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் அழுவாள், அழுது முடித்து டிரஸ்ஸரைச் சபிப்பாள். எனக்கும் ஒரு நாள் தாங்கவில்லை. "கேள்வி கேட்டுட்டு நீங்க போயிட்டீங்க. பதில் இல்லாம நான்தான வாழுறேன்?" என்று குசினியில் அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கேட்கிற காதை என் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டார். அந்த ஞாயிறு அவர் பாதிரியாரின் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாம் முகாம்களில் மிஞ்சிக் கிடக்கிற நம் ஆட்களைக் கூட்டி வர ஒரு கூட்டம் புறப்பட்டது, கூடப் போக டிரஸ்ஸர்மார் தேவை என்றார்கள். எங்கள் வட்டாரத்தில் முதலில் பேர் கொடுத்தது இவர். ஒரு காது கேட்காது, உடம்பில் சதையே இல்லை. வேண்டாம் என்றவர்களிடம், "ஒருத்தங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்றாராம்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம், குசினி வாசலில் வந்து நின்றார். நான் முகத்தைப் பார்த்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பார்த்தேன்" என்றார்.

அந்த ஒரு தடவை மட்டும் அவர் கேட்டதாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அவன் கூட இருந்த ஒருத்தன் எடத்தக் காட்டுனான். காட்டோரம் தனிக் குழி. பலகையில ஆணியால கோவிந்தன்னு தமிழ்ல கீறியிருக்கு. பேர நம்பித் திரும்பி வர எனக்கு மனசில்ல. அந்தப் பேருல யாரு வேணா கெடக்கலாம்னு ஒனக்குச் சொன்னவனே நான்தான? அதனால தோண்டுனேன்."

நான் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தேன்.

"எடது கை எலும்பு, மணிக்கட்டுக்கு மேல நாலு வெரக்கடை. ஒடஞ்சு, கோணலாக் கூடியிருக்கு. அவன் சின்னப் பையனா இருந்தப்ப பால் வாளியோட கால்வாயில விழுந்து ஒடச்சுக்கிட்டான். நான்தான் கட்டுனேன். வேலைக்கு வந்த புதுசு, சரியாக் கட்டத் தெரியல. அந்தக் கோணல் எனக்கு நல்லாத் தெரியும் தங்கச்சி. அது என் தப்பு."

எனக்கும் தெரியும். எட்டு மாதம் அந்தக் கையில் தலை வைத்துத் தூங்கியவள் நான்.

"குழி காலியா இல்ல தங்கச்சி" என்று சொல்லி அவர் அழுதார். அடிபட்டபோதுகூட அழாதவர்.

துக்கத்தில் எனக்கு வெறி வந்துவிட்டது. "ஒங்க சாமி குழி மட்டும் காலியா இருந்துச்சா? நீங்க போயித் தோண்டுனீங்களா? பார்த்தீங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். இரண்டாயிரம் வருஷத்து நாயையும் புலியையும் வாழ்நாளெல்லாம் பிரித்துப் பார்த்த மனுஷன், தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தைகூடத் தேடவில்லை. "இல்ல. குழியப் பார்க்கக் காலைல போன பொம்பளைங்க வந்து சொன்னாங்க. கூட இருந்த ஆம்பளைங்களே மொதல்ல நம்பலன்னுதான் எழுதியிருக்கு. மண்ணத் தோண்டி அத யாரும் காட்ட முடியாது. அது கேட்டதுதான். கேட்டு நான் நம்புன ஒண்ணே ஒண்ணு அதுதான்."

எத்தனையோ பேர் சாமியைப் பற்றிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். சாமியார்கள், பூசாரிகள், பாதிரியார்கள். தன் நம்பிக்கைக்கு அடியில் இருப்பதை இப்படி இன்னொருவர் முன் திறந்து காட்டிய ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அவரைத் திட்டியதற்காக அந்த நிமிஷமே எனக்கு வெட்கமாக இருந்தது.

இருவரும் லயத்துக்கு நடந்தோம். மாமியார் வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த கோவிந்தன் எங்களைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான். டிரஸ்ஸர் அவள் எதிரில் மண்ணிலேயே குந்தி உட்கார்ந்து, பலகை, குழி, கை என்று ஒன்று விடாமல் சொன்னார். மாமியார் நிமிரவில்லை. கத்தி கிழங்கின் மேல் நின்றது. அவர் பேச்சை அவள் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்துச் சாபமும் முகத்தில் அப்படியே இருந்தது.

கடைசியில் கேட்டாள். "சாவுறப்ப அவனுக்கு ரொம்ப வலிச்சிச்சா?"

நான் டிரஸ்ஸரைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்கள், தூக்கத்தில் போய்விட்டான் என்று சொல்லுங்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"அத நான் பார்க்கலக்கா" என்றார்.

மாமியார் தலையைத் தூக்கி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப மத்தது நெசந்தான்" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகனை அவன் சொந்தப் பேரால் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள்.